மீட்டர் 50 காட்டியது, சலான் 58 என்கிறது... யார் சொல்வது சரி?

மொபைலுக்கு ஒரு எஸ்எம்எஸ் வருகிறது. அதிவேகமாக வண்டி ஓட்டியதற்கு 1,000 ரூபாய் அபராதம். திறந்து பார்த்தால் உங்கள் பைக்கின் போட்டோ, நம்பர் பிளேட், பக்கத்திலேயே 58 கி.மீ. என்று ஓர் எண். அந்த ரோட்டில் டூவீலருக்கு அனுமதி 50. "மீட்டரைப் பார்த்துட்டேதானே வந்தேன், 50-ஐத் தாண்டவே இல்லையே" என்று தோன்றும். (அதற்கு முன்னால் ஒரு விஷயம்: சலான் என்ற பெயரில் போலி லிங்க்குகள் நிறைய சுற்றுகின்றன. எஸ்எம்எஸ்ஸில் வரும் லிங்க்கைத் தொடாமல், பரிவாகன் தளத்துக்கு நேராகப் போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்க.)

சலான் உண்மையானதுதான் என்றால் அடுத்த கேள்வி: தப்பு மீட்டரிலா, கேமராவிலா?

நேரடியாகச் சொன்னால், "என் மீட்டர் தப்பா காட்டிடுச்சு" என்ற வாதம் பெரும்பாலும் நிற்காது. காரணம், ஸ்பீடோமீட்டர் தப்பு செய்தாலும் உங்களுக்குச் சாதகமான பக்கமாகவே செய்யும்படிதான் தயாரிக்கிறார்கள். ஆனால் அதற்காக கேமரா சொல்லும் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் முடியாது. அபராதம் போடுகிற கருவிதான் தன்னை நிரூபிக்க வேண்டும். நம் சட்டமே அதைத்தான் சொல்கிறது. அதை முழுசாக நடைமுறைப்படுத்துவதில்தான் இடிக்கிறது.

மீட்டர் வேகத்தை அளப்பதே இல்லை

கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் ஸ்பீடோமீட்டருக்கு ரோடு தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்தச் சுற்றுகளை டயரின் சுற்றளவால் பெருக்கி, வேகம் என்று காட்டுகிறது.

பழைய பைக்குகளில் முன்சக்கரத்திலிருந்து ஒரு கேபிள் மீட்டருக்குள் போகும். உள்ளே ஒரு காந்தம் சுழலும், அதைச் சுற்றி ஒரு அலுமினியக் கிண்ணம். காந்தம் சுழலச் சுழல கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கும், ஒரு மெல்லிய ஸ்பிரிங் அதைப் பிடித்து இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகிற இடத்தில் முள் நிற்கும். ஜெர்மனியின் ஓட்டோ ஷுல்ட்ஸே 1902-ல் காப்புரிமை வாங்கிய ஐடியா இது. நூறு வருஷத்துக்கு மேல் உழைத்திருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்தாலோ கேபிள் தேய்ந்தாலோ முள் ஆட ஆரம்பிக்கும். கேபிள் அறுந்து, முள் பூஜ்யத்திலேயே படுத்துக் கிடக்கும் எத்தனை வண்டிகளை நம் தெருவில் பார்க்கிறோம்! 

இன்றைய வண்டிகளில் கேபிளுக்குப் பதில் சென்சார். பல கார்களில் ஏபிஎஸ் பிரேக்குக்காக சக்கரத்தில் இருக்கும் சென்சாரே வேகத்துக்கும் கணக்குக் கொடுக்கிறது. எண்ணுவதில் அது கெட்டி. ஆனால் பெருக்க வேண்டிய சுற்றளவு? அது கம்பெனியில் ஒருமுறை பதிந்ததுதான். உங்கள் டயர் இன்று என்ன நிலையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

புது கார் டயரில் பட்டன் ஆழம் சுமார் 8 மி.மீ. இருக்கும். தேய்ந்து 1.6 மி.மீ. ஆனால் மாற்றியாக வேண்டும். இந்த 6.4 மி.மீ. தேய்மானம், 185/65 ஆர்15 அளவுள்ள டயரின் ஆரத்தில் சுமார் 2 சதவீதம். அதாவது தேய்ந்த டயர் சின்ன டயர். அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றும். மீட்டர், நிஜ வேகத்தை விடக் கூடுதலாகக் காட்டும்.

கூடக் காட்டலாம், குறைத்துக் காட்டக் கூடாது

இந்தத் தேய்மானம், காற்றழுத்தம், டயர் கம்பெனிக்குக் கம்பெனி வரும் வித்தியாசம் எல்லாவற்றையும் மனதில் வைத்துத்தான் ஐ.நா.வின் வாகன விதி எண் 39 எழுதப்பட்டது. ஐரோப்பா உட்பட பல நாடுகள் பின்பற்றும் விதி இது. மீட்டர் காட்டும் வேகம், நிஜ வேகத்தை விட ஒருபோதும் குறைவாக இருக்கக் கூடாது. அதிகமாகக் காட்டலாம், நிஜ வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதோடு இன்னொரு 4 கி.மீ. வரை.

கணக்குப் போட்டுப் பாருங்க. நிஜத்தில் 50-ல் போகிற வண்டியின் மீட்டர் 50 முதல் 59 வரை எதைக் காட்டினாலும் அது பாஸ். 80-ல் போனால் 92 வரை. திருப்பிச் சொன்னால், மீட்டரில் 50 தெரிகிறது என்றால் உங்கள் நிஜ வேகம் 42-லிருந்து 50-க்குள் எங்கேயோ இருக்கும். ஜிபிஎஸ்ஸை வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தவர்கள் பலர் கவனித்திருப்பார்கள், மேப் 76 என்னும்போது டேஷ்போர்டு 80 என்னும். வண்டியில் கோளாறு இல்லை, அப்படித்தான் செட் செய்திருக்கிறார்கள்.

இந்தியாவில் ஸ்பீடோமீட்டரைக் கட்டாயமாக்குவது மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் விதி 117. ஆனால் புது வண்டியில் சரியாக இருந்த மீட்டர், ஆறு வருஷம் கழித்து எப்படி இருக்கிறது என்று சொந்த பைக்கை யார் சோதித்துப் பார்க்கிறார்கள்?

அப்படின்னா மீட்டர் குறைத்துக் காட்டவே காட்டாதா? காட்டும், நாம் கை வைத்திருந்தால். 185/65 ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு, லுக்குக்காக அதே ரிம்மில் 205/65 மாட்டினால் விட்டம் 621 மி.மீ.யிலிருந்து 647 மி.மீ. ஆகிறது. 4 சதவீதம் பெரிய சக்கரம். மீட்டர் 60 எனும்போது, கம்பெனி விட்ட கூடுதல் மார்ஜின் இல்லையென்றால், நீங்கள் 62.5-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். சில பைக்குகளில் ஸ்பிராக்கெட்டை மாற்றினாலும் இதே கதைதான். இதை யார் தலையிலும் கட்ட முடியாது, மாற்றியது நாம்தான்.

ஆக, டயரை மாற்றாத, ஓடுகிற மீட்டருள்ள வண்டியில் "மீட்டர் 50, கேமரா 58" என்பது மீட்டரின் தப்பாக இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. அதிகம் நடப்பது வேறு. நாம் மீட்டரைத் தொடர்ந்து பார்ப்பதில்லை, அவ்வப்போது ஒரு கண் போடுகிறோம். சிக்னல் பச்சையானதும் முறுக்கிய பைக் 50-லிருந்து 58-க்குப் போக இரண்டு, மூன்று செகண்ட் போதும். கேமரா பிடிப்பது அந்த செகண்டைத்தான்.

எட்டு கி.மீ. தானே என்றால்...

இப்படிக் கேட்பதில் ஒரு நியாயம் இருப்பது போலத் தெரியும். கொஞ்சம் பள்ளிக்கூட பிசிக்ஸ் போடலாம். குழந்தை ஒன்று திடீரென்று ரோட்டுக்குள் ஓடி வருகிறது. மூளைக்கு உறைத்து பிரேக்கில் கால் வைக்க ஒரு செகண்ட், அதன் பிறகு காய்ந்த ரோட்டில் நல்ல பிரேக் என்று வைத்துக்கொள்வோம். 50-ல் வந்த கார் சுமார் 28 மீட்டரில் நின்றுவிடும். 60-ல் வந்த கார் நிற்க 36 மீட்டருக்கு மேல் ஆகும். இன்னொரு மாதிரி சொன்னால், 50-ல் வந்த கார் முழுசாக நின்றுவிட்ட அதே இடத்தில், 60-ல் வந்த கார் இன்னும் 40 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நடந்து போகிறவர் மீது 65 கி.மீ. வேகத்தில் கார் மோதினால் அவர் இறக்கும் வாய்ப்பு, 50-ல் மோதுவதை விட நாலரை மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் 71.2 சதவீத மரணங்களுக்குக் காரணம் அதிவேகம் என்று பதிவாகியிருக்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள், எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம், 17,884 மரணங்கள். அந்த 71 சதவீதம் போலீஸ் பதிவுகளிலிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பல விபத்துகளில் யாரும் வேகத்தை அளந்திருக்க மாட்டார்கள், குண்டும் குழியுமான ரோட்டின் பங்கும் அந்த ஒற்றை வார்த்தைக்குள் போய்விடும். ஆனாலும் வேகக் கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்ல இது காரணம் ஆகாது. கருவியால் அளக்க வேண்டும் என்பதற்குத்தான் காரணம்.

கேமராவுக்கு யார் முத்திரை குத்துவது?

போலீஸ் பயன்படுத்தும் ராடார், ரேடியோ அலையை அனுப்பி, ஓடும் வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கிறது. டாப்ளர் விளைவு. ஆம்புலன்ஸ் நம்மைக் கடக்கும்போது சைரன் சத்தம் மாறுமே, அதே தத்துவம்தான். டயர் அளவு, காற்றழுத்தம் எதுவும் இதற்குத் தேவையில்லை. அந்த வகையில் மீட்டரை விட நேர்மையான கருவி.

ஆனால் அதற்கும் பலவீனங்கள் உண்டு. வண்டிக்கு நேர் எதிரே நின்று அளந்தால்தான் முழு வேகம் தெரியும். சாய்வாக அளந்தால் குறையும். 20 டிகிரி கோணத்தில் 60 கி.மீ. வண்டி 56 என்றுதான் தெரியும். கையில் பிடிக்கும் ராடார் கன்னில் இது ஓட்டுநருக்கு லாபம். கம்பத்தில் பொருத்திய கேமராவில் கதை வேறு. அங்கே அந்தக் கோணத்தை முன்கூட்டியே கணக்கில் சேர்த்து திருத்தி வைத்திருப்பார்கள். லாரி உரசியோ புயலிலோ அந்தத் தலை 5 டிகிரி திரும்பிவிட்டால், 20-க்குத் திருத்திய கருவி 15-ல் இருந்து பார்க்கும். 59-ல் போகிற காரை 60-க்கு மேல் என்று சொல்லிவிடும். பெரிய எண் கிடையாதுதான், ஆனால் எல்லைக்கோடு 60 என்றால் அந்த ஒன்றிரண்டு கி.மீ.தான் 1,000 ரூபாய்.

அடுத்தது, யாருடைய வேகம் என்ற குழப்பம். பஸ்ஸிலிருந்து திரும்பும் அலை பலமானது, பைக்கிலிருந்து வருவது பலவீனமானது. பல வண்டிகளைத் தனித்தனியாகத் தொடரும் நவீன கருவிகள் இதைச் சமாளிக்கின்றன. சாதாரண ராடார் கன்னில் அது ஆபரேட்டரின் திறமையைப் பொறுத்தது. லேன் பார்த்து ஓட்டாத நம் ரோடுகளில், ஆட்டோவும் பைக்கும் பஸ்ஸும் ஒட்டிக்கொண்டு போகும்போது, இது கற்பனைப் பிரச்சினை இல்லை.

கருவி மொத்தமாகவே சொதப்பிய கதையும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், வெஸ்டர்ன் ரிங் ரோடு கேமரா ஒன்று பழைய டட்சன் 120ஒய் காரை 158 கி.மீ. வேகத்தில் போனதாகப் பதிவு செய்தது. 1970-களின் குட்டிக் கார் அது. சோதித்துப் பார்த்தபோது அந்த வேகத்தை அதால் நெருங்கவே முடியவில்லை. பிரச்சினை பெரிதாகி, 2004-ல் விக்டோரியா மாநில அரசு அந்தக் கேமராக்கள் போட்ட அபராதங்களைத் திருப்பிக் கொடுத்தது. கார் பழசாக இருந்ததால்தான் மாட்டியது என்பதை யோசித்துப் பாருங்க. 158-ஐ எளிதாகத் தொடக்கூடிய புது காரின் ஓனர் என்ன சொல்லியிருந்தாலும் யார் நம்பியிருப்பார்கள்?

நம் ஊரில் தக்காளி எடை போடும் தராசுக்கு வருடா வருடம் முத்திரை வேண்டும் என்று தெரியும். பெட்ரோல் பங்க் பம்ப்புக்கும் முத்திரை உண்டு. வாகன வேகத்தை அளக்கும் ராடாருக்கென்று எடையளவுச் சட்டத்தின் கீழ் தனி விதி வந்தது 2025-ல்தான். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கொண்டுவந்த அந்த விதி 2025 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கருவியைச் சரிபார்த்து முத்திரையிட்ட பிறகே பயன்படுத்த வேண்டும் என்கிறது அது. லேட், ஆனால் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்கள்.

சட்டம் ஏற்கெனவே ஓட்டுநர் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 183, கார், பைக் போன்ற இலகு வாகனங்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம் சொல்கிறது. அதே பிரிவில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது: "வேகமாகத்தான் போனான்" என்று ஒரே ஒரு சாட்சி கருத்துச் சொன்னால் மட்டும் தண்டிக்க முடியாது, அந்தக் கருத்து ஒரு கருவியின் அளவீட்டில் நிற்க வேண்டும். அதிகாரியின் கண்ணை நம்பாத சட்டம், கருவியை நம்புகிறது. அப்போ அந்தக் கருவி நம்பத் தகுந்ததா என்று கேட்பது குற்றவாளியின் சாக்கு ஆகாது.

2021 ஆகஸ்ட்டில் சேர்த்த விதி 167ஏ இதற்குத்தான் வழி சொல்கிறது. கண்காணிப்புக் கருவிக்கு, சரியாக இயங்குகிறது என்ற சான்றிதழை மாநில அரசு நியமித்த அதிகாரி தர வேண்டும், அதை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கும் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை கண்ணில் படும்படி இருக்க வேண்டும். நோட்டீஸில் தெளிவான போட்டோ, கருவி காட்டிய அளவு, தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு மீறப்பட்டது, மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் எல்லாம் இருக்க வேண்டும்.

இதில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. அதைச் சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து. பிரான்சில் வரும் அபராத நோட்டீஸில் வேகம் இரண்டு எண்ணாக இருக்கும். ஒன்று கருவி அளந்தது, இன்னொன்று பிழையைக் கழித்த பிறகு கணக்கில் எடுத்துக்கொண்டது. நிலையான கேமரா என்றால் 100 கி.மீ.க்குக் கீழே 5 கி.மீ. கழிப்பார்கள்; 58 பதிவானால் 53-க்குத்தான் அபராதம். ஜெர்மனியில் 100 வரை 3 கி.மீ., அதற்கு மேல் 3 சதவீதம். பிரிட்டனில் போலீஸ் வழிகாட்டுதல்படி 30 மைல் எல்லையில் பொதுவாக 35-லிருந்துதான் நடவடிக்கை, ஆனால் அது சலுகைதான், உரிமையாகக் கேட்க முடியாது.

இப்படி வெளிப்படையாகச் சொன்னால் எல்லோரும் 55-ல் போக ஆரம்பித்துவிடுவார்கள் என்று ஒரு பயம் உண்டு. பிரிட்டன் மாதிரி பெரிய சலுகை கொடுத்தால் அது நடக்கலாம். கருவியின் சொந்தப் பிழையை மட்டும் கழிப்பது சலுகை இல்லை. நம் மீட்டரே கூடக் காட்டும்போது, மீட்டரில் 50-ஐ மதிக்கிற ஒருவர் இரண்டு, மூன்று கி.மீ. கழிவைத் தொடவே மாட்டார். தொடுகிறவர் தெரிந்தேதான் தொடுகிறார், அவருக்கு சலான் போகட்டும்.

எல்லை எங்கே என்று தெரிய வேண்டாமா?

கருவி சரி, எல்லை? சென்னையில் 2023 ஜூனில் பகலில் 40, இரவில் 50 என்ற எல்லையோடு ராடார் கேமராக்கள் வந்தபோது என்ன நடந்தது என்று நினைவிருக்கும். அண்ணா சாலை மாதிரியான ரோட்டில் பகலில் 40-ஆ என்று சோஷியல் மீடியா கொந்தளித்தது. அதன்பிறகு அதே ஆண்டு நவம்பர் 4 முதல் கார்களுக்கு 60, டூவீலருக்கும் கனரக வாகனங்களுக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புப் பகுதியில் எல்லோருக்கும் 30 என்று மாற்றினார்கள். மாற்றியது நல்லது. ஆனால் ஒரே ரோட்டில் மூன்று எல்லை இருக்கிறது, அடுத்த திருப்பத்தில் 30 ஆகிவிடுகிறது என்றால், அதைச் சொல்லும் போர்டு மரக்கிளைக்கும் அரசியல் பேனருக்கும் பின்னால் ஒளிந்திருக்கக் கூடாது. டெலிவரி ஓட்டுகிற பையனுக்கு 1,000 ரூபாய் என்பது ஒரு நாள் முழுக்க ஓடின காசு. அவனுக்கு நேரக்கெடு வைக்கிற ஆப்புக்கு சலான் போவதில்லை என்பது தனியாக எழுத வேண்டிய கதை.

சலான் வந்தால் உடனே கட்டிவிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. போட்டோவில் இருப்பது உங்கள் வண்டிதானா, பக்கத்தில் ஒட்டி வேறு வண்டி இருக்கிறதா, வேக அளவு எழுதியிருக்கிறதா, இடம் சரியா, உங்கள் வகை வண்டிக்கு அங்கே என்ன எல்லை, போர்டு இருந்ததா என்று பாருங்கள். ஏதாவது இடித்தால் குறை தெரிவிக்கலாம், கோர்ட்டிலும் மறுக்கலாம். கருவியின் அந்த வருடச் சான்றிதழைக் கேட்பது நியாயமான கேள்வி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

உங்கள் மீட்டரைச் சோதிப்பதும் சுலபம். காலையில் கூட்டமில்லாத, நேரான, திறந்த வெளி ரோடு. பாலத்துக்கு அடியில் வேண்டாம், ஜிபிஎஸ் தடுமாறும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் போனில் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்க்கட்டும், நீங்கள் ரோட்டைப் பாருங்கள். மீட்டரில் 40, பிறகு 50 என்று பத்துப் பதினைந்து செகண்ட் மாறாமல் பிடியுங்கள். போன் எப்போதும் சற்றுத் தாமதமாகத்தான் காட்டும், அதனால் வேகம் நிலையாக இருக்கும்போது வரும் எண்தான் கணக்கு. ஜிபிஎஸ் எண் மீட்டரை விட இரண்டு, மூன்று குறைவாக இருந்தால் மீட்டர் நன்றாக இருக்கிறது. அதிகமாக இருந்தால், மெக்கானிக்கிடம் முதலில் டயர் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.